இரவில் பார்த்த மூன்று அடைப்புகள்: ஒன்றைத் திறந்த பிறகு மற்ற இரண்டை என்ன செய்வது?

நோயாளி 61 வயதுப் பெண்மணி. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கூடவே உயர் ரத்த அழுத்தம். ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சை முடிவைத் தொடும் எதையும் மாற்றவில்லை.

மாலை ஏழு மணிக்கு மேல்வயிற்றில் ஓர் அழுத்தம் தொடங்கியிருக்கிறது. நன்றாக வியர்த்திருக்கிறது, இரண்டு முறை வாந்தி. வாயுத் தொல்லை என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். நெஞ்சில் வலி இல்லாததால் வீட்டில் யாருக்கும் இதயம் பற்றிய சந்தேகம் வரவில்லை. சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும் மாரடைப்பு இப்படி வயிற்றுக் கோளாறு போல வருவதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் மகள் பிடிவாதமாக அழைத்து வந்தார்.

இசிஜியில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி உயர்ந்திருந்தது. இரண்டை விட மூன்றில் அதிகம், ஏவிஎல்லில் தாழ்வு. இதயத்தின் அடிச்சுவருக்குப் போகும் வலது ரத்தக்குழாய் முழுதாக மூடியிருக்கிறது என்பதற்கு இது வலுவான அடையாளம். நாடித்துடிப்பு 54, ரத்த அழுத்தம் 104/68. நுரையீரலில் நீர் கோக்கவில்லை, கைகால் வெதுவெதுப்பாக இருந்தன, கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். கைகால் சூட்டைப் போய் ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். பின்னால் வரப்போகும் முடிவில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கக் கொடுத்தோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் டிகாகிரெலார் 180 மி.கி., ஹெப்பாரின், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் அதிக அளவில் கொடுத்தோம். அடுத்து கேத் லேப், அதாவது ரத்தக்குழாயைப் படம் பிடித்து அடைப்பைத் திறக்கும் அறை.

மேசையில்

வலது மணிக்கட்டு வழியாகப் போனோம். வலது ரத்தக்குழாயின் நடுப்பகுதி முழுதாக மூடியிருந்தது. கைடு வயர் சுலபமாகவே கடந்தது. பலூனால் விரித்து, 3 மி.மீ. அகலமும் 28 மி.மீ. நீளமும் உள்ள மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றை வைத்தோம். ரத்தம் கடைசிக் கிளை வரை சீராக ஓடியது. பத்து நிமிடத்தில் வயிற்று அழுத்தம் போய்விட்டது என்றார். எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியது.

இடப்பக்கத்தை முன்பே படம் எடுத்திருந்தோம். முன்சுவருக்கு ரத்தம் தரும் எல்ஏடி குழாயின் நடுப்பகுதியில், டயகனல் என்ற கிளை பிரியும் இடத்திலேயே, கண் மதிப்பில் 80 முதல் 85 சதவீத அடைப்பு. இதயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகும் சர்க்கம்ஃபிளெக்ஸ் குழாயின் பெரிய பக்கக் கிளையில் 70 சதவீதம். மாரடைப்பை உண்டாக்கிய குழாயைக் கேத் லேபில் ‘கல்ப்ரிட்’ என்போம். இவருக்குக் கல்ப்ரிட் ஒன்று, அன்றைய மாரடைப்பில் சம்பந்தப்படாத அடைப்புகள் இரண்டு. இது அபூர்வம் ஒன்றுமில்லை. எஸ்டி உயர்வு மாரடைப்போடு வருகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேறு குழாயிலும் குறிப்பிடத்தக்க அடைப்பு இருக்கும்.

அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிரியேட்டினின் 1.4. இந்த வயதுப் பெண்ணுக்கு அது சிறுநீரக வடிகட்டும் திறன் குறைந்து 43 அளவில் இருப்பதைக் காட்டுகிறது. படத்தில் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் டை சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது; அதற்குள் அது 130 மி.லி. உடலுக்குள் போயிருந்தது.

வயர் கையில் இருக்கிறது, குழு தயாராக நிற்கிறது, நோயாளி மேசையில் படுத்திருக்கிறார். எல்ஏடியையும் இப்போதே முடித்துவிடலாமா? அருகில் நின்ற இளம் மருத்துவர் இதைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நான் வேண்டாம் என்றேன். என் காரணங்கள் சரியா என்று இங்கே நிதானமாகப் பார்க்கிறேன்.

விதி எப்படித் தலைகீழானது

நான் பயிற்சியில் இருந்தபோது இதற்கு ஒரே பதில்தான்: கல்ப்ரிட்டைத் திற, மற்றதைத் தொடாதே. ரத்தம் உறையும் போக்கு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் கைவைத்து அதையும் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம். 2013-ம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி கூட, ரத்த ஓட்டம் நிலையாக இருக்கும் நோயாளியிடம் அதே நேரத்தில் மற்றக் குழாயைத் தொடுவதைத் தீங்கு என்ற பட்டியலில் வைத்திருந்தது.

அதே 2013-ல்தான் பிரிட்டனில் நடந்த பிராமி ஆய்வு வெளியானது. 465 பேர். கல்ப்ரிட்டோடு சேர்த்து மற்ற அடைப்புகளுக்கும் அப்போதே ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இதய மரணம், மறு மாரடைப்பு, மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி மூன்றும் சேர்ந்த கணக்கு பெரிதாகக் குறைந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிறகு 2015-ல் 627 பேரிடம் நடந்த டானமி-3 பிரைமல்டி, 2017-ல் 885 பேரிடம் நடந்த கம்பேர்-அக்யூட் ஆகியவையும் அதே திசையைக் காட்டின. ஆனால் அவற்றில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி, பின்னால் இன்னொரு ஆஞ்சியோபிளாஸ்டி தேவைப்படுவது குறைந்ததுதான். இப்போதே செய்துவிட்டால் பின்னால் செய்ய வேண்டியிருக்காது என்பது பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

2019-ல் வந்த கம்ப்ளீட் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 31 நாடுகள், 4,041 நோயாளிகள். கல்ப்ரிட் அல்லாத குழாயில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருக்க வேண்டும், அல்லது 50 முதல் 69 சதவீதம் இருந்து அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று அழுத்த அளவீட்டிலும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களில் ஒரு பாதிக்கு எல்லா அடைப்பையும் சரிசெய்தார்கள், மறு பாதிக்குக் கல்ப்ரிட்டை மட்டும் திறந்து மற்ற அடைப்புகளுக்கு மருந்து மட்டும். நடுமதிப்பாக மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இதய மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது முதல் குழுவில் 7.8 சதவீதம், இரண்டாம் குழுவில் 10.5 சதவீதம். இங்கே குறைந்தது நிஜமான மாரடைப்பு.

இந்த எண்ணை நோயாளியிடம் சொல்லும்போது அதன் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று ஆண்டுகளில் 37 பேருக்கு முழுச் சிகிச்சை கொடுத்தால் அவர்களில் ஒருவருக்கு மாரடைப்போ இதய மரணமோ தவிர்க்கப்படுகிறது. இதய மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் 2.9-க்கு 3.2, உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலன் உண்டு, நல்ல பலன்தான். ஆனால் ‘இதை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்று குடும்பத்தைப் பயமுறுத்தி அன்றிரவே கையெழுத்து வாங்கும் அளவுக்கு இது போகவில்லை.

இன்றைய ஐரோப்பிய வழிகாட்டி (2023) நிலையான நோயாளிக்கு முழுச் சிகிச்சையை மிக உயர்ந்த பரிந்துரையாக வைக்கிறது. அதே அமர்விலோ 45 நாட்களுக்குள்ளோ முடிக்கலாம் என்கிறது. ஆக, இவருக்கு எல்ஏடியைச் செய்ய வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. பக்கக் கிளையைப் பொறுத்தவரை ‘செய்யத்தான் வேண்டுமா’ என்ற கேள்வியும் திறந்தே இருந்தது.

அன்றிரவு ஏன் நிறுத்தினேன்

அதே அமர்வில் செய்வதற்கு ஆதரவாக நல்ல ஆதாரம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வந்த மல்டிஸ்டார்ஸ் ஆய்வில் 840 பேர். உடனே எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கும், 19 முதல் 45 நாள் கழித்து முடித்தவர்களுக்கும் இடையே ஓராண்டில் பாதகமான நிகழ்வுகள் 8.5-க்கு 16.3 சதவீதம். அதே ஆண்டு வந்த பயோவாஸ்க் ஆய்வில் 1,525 பேர். அங்கும் உடனே செய்தது, காத்திருந்து செய்ததை விட மோசமாக இல்லை. காத்திருந்த குழுவில் மாரடைப்பு கூடுதலாகவே இருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டென்ட் வைக்கும்போது இதயத் தசையில் சிறு காயம் ஏற்படுவதுண்டு. பெரிய மாரடைப்பின் நடுவே அது நடந்தால், ரத்தத்தில் ஏற்கெனவே ஏறிக்கிடக்கும் டிரோபோனினில் (இதயத் தசைக் காயத்தைக் காட்டும் புரதம்) அது தனியாகத் தெரியாது. மூன்று வாரம் கழித்து நடந்தால் தெரியும், அது புது மாரடைப்பாகக் கணக்கில் ஏறும். அதனால் 8.5-க்கும் 16.3-க்கும் உள்ள இடைவெளி முழுவதும் நோயாளி உணர்ந்த வித்தியாசம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. எளிய அடைப்பு, நல்ல சிறுநீரகம், பகல் நேரம், களைப்பில்லாத குழு என்றால் நானும் உடனே முடிப்பேன், முடித்தும் இருக்கிறேன்.

இவருக்கு மூன்று விஷயங்கள் தடுத்தன. மிக முக்கியமானது அடைப்பு இருந்த இடம். அடிச்சுவர் அப்போதுதான் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் கிடந்து மீண்டிருக்கிறது. குழாய் திறந்துவிட்டாலும் தசை உடனே வேலை செய்யாது, சில நாட்கள் சோர்ந்துதான் கிடக்கும். அந்த நாட்களில் இதயத்தைத் தாங்கி நிற்பது முன்சுவர், அதற்கு உணவு எல்ஏடி வழியாக. எல்ஏடியின் அடைப்போ கிளை பிரியும் இடத்தில் இருக்கிறது. அங்கே பலூனை விரிக்கும்போது டயகனல் மூடலாம், உள்சுவர் கிழியலாம். சாதாரண நாளில் இதைச் சமாளித்துவிடலாம். இரு சுவர்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் ரத்த அழுத்தம் சரியும். ஒரு கால் ஊன்ற முடியாதவரின் மறு காலில் அறுவைச் சிகிச்சை செய்வது போன்றது அது.

அடுத்தது சிறுநீரகம். கிளைப் பகுதியில் கவனமாக ஸ்டென்ட் வைக்க இன்னும் 100 மி.லி.க்குக் குறையாமல் டை போகும். இதயத்தைச் சரிசெய்கிறோம் என்று டயாலிசிஸ் வாசலுக்குக் கொண்டுபோய் விடுவது நல்ல பேரம் இல்லை.

மூன்றாவது, நாம் பார்த்த படமே எவ்வளவு நம்பகமானது என்பது. மாரடைப்பு நேரத்தில் உடல் முழுக்க அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகி ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் கல்ப்ரிட் அல்லாத அடைப்பு கண்ணுக்கு உள்ளதை விட மோசமாகத் தெரியும். சரி, கண்ணை நம்ப வேண்டாம், அழுத்த வயரால் எஃப்எஃப்ஆர் அளக்கலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். எஃப்எஃப்ஆர் என்பது மருந்தால் ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு அப்பால் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். மாரடைப்பு நேரத்தில் நுண்குழாய்கள் மரத்துக் கிடப்பதால் ஓட்டம் முழு உச்சத்தைத் தொடாது. ஓட்டம் குறைந்தால் அழுத்த வீழ்ச்சியும் குறையும், அடைப்பு உள்ளதை விட நல்லதாகத் தெரியும். ஆக அன்றிரவு கண் ஒரு பக்கம் தவறும், வயர் எதிர்ப்பக்கம் தவறும். முதல் சிகிச்சையின் நடுவிலேயே கல்ப்ரிட் அல்லாத குழாயில் இப்படி அளந்து முடிவெடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்வதற்கு இது ஒரு காரணம். எல்ஏடியின் 85 சதவீதம் எந்த நாளிலும் பெரிய அடைப்புதான். பக்கக் கிளையின் 70 சதவீதத்தை நான் நம்பவில்லை.

நிறுத்தினோம். இரவு 12.40.

வார்டில்

மறுநாள் காலை மகள் காத்திருந்தார். தூங்கியிருக்கவில்லை.

“டாக்டர், மூணு அடைப்புன்னு சொன்னீங்க. கையோட எல்லாத்தையும் எடுத்திருக்கலாமே? அம்மாவைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோகணுமா?”

இந்தக் கேள்வி வராத குடும்பமே இல்லை. “மாரடைப்பைக் கொடுத்த அடைப்பைத் திறந்தாச்சு, அதுதான் நேத்து உயிர்ப் பிரச்சினை. மீதி ரெண்டு நேத்து உண்டானது இல்லை, பல வருஷமா வளர்ந்தது. அதுல ஒண்ணுக்குக் கண்டிப்பா ஸ்டென்ட் வேணும். ஆனா அம்மாவோட இதயம் கொஞ்சம் தேறி, கிட்னியும் தாங்குற நாள் பார்த்துச் செய்றதுதான் பத்திரம். இன்னொண்ணு வேணுமான்னு அப்போ அளந்து பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு, “செஞ்சுதான் ஆகணும்னா செய்ங்க ஐயா. ஆனா வேண்டாததைச் செய்யாதீங்க” என்றார். அந்த வாக்கியத்தைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதி வைத்தேன். நோயாளியின் விருப்பம் என்று ஓர் இடம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் அது வெறுமையாகவே கிடக்கும்.

எக்கோவில் இதயத்தின் பம்பிங் திறன் 45 சதவீதம், அடிச்சுவர் சோர்ந்திருந்தது, முன்சுவர் நன்றாக அசைந்தது. மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.7-க்கு ஏறியது, ஐந்தாம் நாள் 1.4-க்குத் திரும்பியது. அன்றிரவே இன்னொரு 100 மி.லி. டை சேர்ந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஏறிய அந்த 0.3-ஐப் பார்த்தபோது நிறுத்தியது சரி என்று தோன்றியது.

பைபாஸ் பற்றிய பேச்சும் நடந்தது. சர்க்கரை நோயும் பல குழாய் அடைப்பும் சேர்ந்திருந்தால் பைபாஸைக் கேட்காமல் தாண்டக் கூடாது. 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் இப்படிப்பட்ட 1,900 பேரில், ஐந்தாண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்தது ஸ்டென்ட் குழுவில் 26.6 சதவீதம், பைபாஸ் குழுவில் 18.7 சதவீதம். ஆனால் அவசரமாக ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்ட பின் மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு அந்த ஆய்வு பதில் தராது. அறுவைச் சிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்தார். பைபாஸ் செய்தால் டிகாகிரெலாரைச் சில நாட்கள் நிறுத்த வேண்டும். வைத்த சில நாட்களே ஆன ஸ்டென்டுக்கு அது ஆபத்து. எல்ஏடியில் ஒரே இடத்தில், நீளத்தில் சிறிய அடைப்பு, பக்கக் கிளை சந்தேகத்தில் இருக்கிறது. ஸ்டென்டே போதும் என்றார், நானும் ஒத்துக்கொண்டேன். எல்ஏடி முழுக்க வரிசையாக அடைப்புகள் இருந்திருந்தால் எங்கள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

காத்திருந்த நாட்கள்

இவருடைய சிகிச்சையில் நான் அதிகம் யோசிக்கும் பகுதி இதுதான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாம் கட்டத்துக்கு 24-ம் நாளைக் குறித்தேன். கம்ப்ளீட் ஆய்விலும் வீடு திரும்பிய பின் செய்தவர்களுக்கு நடுமதிப்பு 23 நாட்கள், அதே மருத்துவமனை வாசத்தில் செய்தவர்களுக்கு ஒரு நாள், இரண்டிலும் பலன் ஒரே அளவு. எண் கையில் இருந்ததால் மனம் நிம்மதியாக இருந்தது.

12-ம் நாள் மகளிடமிருந்து போன். அம்மா மாடி ஏறும்போது நடுவில் நின்றுவிடுகிறாராம், மேல்வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாராம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம். உடனே வரச் சொன்னேன். இசிஜியில் புது மாற்றம் இல்லை. டிரோபோனின் முன்பைவிட நன்றாக இறங்கியிருந்தது, மீண்டும் எடுத்தபோதும் ஏறவில்லை. புது மாரடைப்பு இல்லை. ஆனால் நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது. இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் ஆஞ்சைனாவின் இலக்கணமே அதுதான்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்தே என்றார். ஏன் சொல்லவில்லை? “மாரடைப்பு வந்தவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் ஐயா.”

நெஞ்சுவலி வந்தால் வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போது நான் சொல்லியிருந்தேன். அவருக்கு முதல் மாரடைப்பிலேயே நெஞ்சு வலிக்கவில்லை. அவருக்கு வரும் அறிகுறி மேல்வயிற்று அழுத்தம் என்பது எனக்குத் தெரியும், கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் சொல்லும் வாக்கியத்தை அவருக்கும் சொல்லிவிட்டேன். அது என் தவறு. இப்போதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும் தாளில், ‘முதல் முறை உங்களுக்கு எது வந்ததோ அது மறுபடி வந்தால்’ என்று அவரவர் அறிகுறியை அவரவர் சொல்லிலேயே எழுதித் தருகிறேன்.

நாள் குறித்ததிலும் எனக்கு இன்று வேறு கருத்து உண்டு. கிரியேட்டினின் ஐந்தாம் நாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. அன்றிரவு நிறுத்துவதற்கு இருந்த காரணங்களில் சிறுநீரகம் தேறிவிட்டது, இதயம் பெரும்பாலும் தேறிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாள் வார்டிலேயே வைத்திருந்து முடித்திருக்கலாம். காத்திருக்கச் சொன்ன காரணம் தீர்ந்த பிறகும் காலண்டரைப் பார்த்துக் காத்திருந்தேன். 85 சதவீத எல்ஏடி அடைப்போடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய அந்த நாட்களில் எதுவும் நேராதது அவருடைய நல்ல நேரம். கம்ப்ளீட் ஆய்வின் ஒரு துணை ஆய்வில் கல்ப்ரிட் அல்லாத பெரிய அடைப்புகளை ஓசிடி கேமராவால் உள்ளிருந்து பார்த்தார்கள். ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் மெல்லிய மூடியோடு, உடையும் தன்மையுள்ள கொழுப்புப் படிவு குறைந்தது ஒன்றாவது இருந்தது. காத்திருக்கும் நாட்களில் மறு மாரடைப்பு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கக் கூடும்.

13-ம் நாள்

முந்தைய இரவு முதல் சலைன் ஏற்றினோம், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்தோம். மறுபடி மணிக்கட்டு வழி.

வலது ஸ்டென்ட் நன்றாக இருந்தது. எல்ஏடி அடைப்பு அன்று பார்த்தது போலவே, 80-க்குக் குறையவில்லை. கூடவே அறிகுறியும் இருக்கிறது, அதை எஃப்எஃப்ஆரால் அளந்து நேரத்தைப் போக்கவில்லை. பக்கக் கிளை? அன்று 70 என்று எழுதியதை, அதே கோணத்தில், நைட்ரோகிளிசரின் கொடுத்தபின் பார்த்தபோது 55 என்று எழுத வேண்டியிருந்தது. எஃப்எஃப்ஆர் 0.87.

தொடவில்லை.

இந்த இடத்தில் சகமருத்துவர்கள் எல்லாரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், ஆதாரமும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 1,171 பேரிடம் நடந்த ஃபிளவர்-எம்ஐ ஆய்வில் (2021) எஃப்எஃப்ஆரைப் பார்த்துச் செய்ததற்கும் படத்தைப் பார்த்துச் செய்ததற்கும் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. கொரியாவில் 562 பேரிடம் நடந்த ஃபிரேம்-ஏஎம்ஐ எஃப்எஃப்ஆர் பக்கம் சாய்ந்தது. 2024-ல் வந்த ஃபுல் ரீவாஸ்க் ஆய்வில் 1,542 பேர். எஃப்எஃப்ஆர் அளந்து முழுச் சிகிச்சை கொடுத்தவர்களுக்கும் கல்ப்ரிட்டோடு நிறுத்தியவர்களுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு முடிவில் 19.0-க்கு 20.4 சதவீதம், உறுதியான வித்தியாசம் இல்லை. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத அடைப்பும் உடையலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். அதை மறுக்க முடியாது. ஆனால் உடையக் கூடியது எது என்று எஃப்எஃப்ஆர் சொல்லாதது போலவே, சதவீதமும் சொல்லாது. நல்ல நாளில் அளந்து 0.87 வந்த ஒரு கிளையில் உலோகம் வைத்தால், அது அந்தக் கிளைக்கு என்ன நன்மை தரும் என்று என்னால் அந்த அம்மாவிடம் விளக்க முடியாது. வேண்டாததைச் செய்யாதீங்க என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

எல்ஏடியில் உள்குழாய் அல்ட்ராசவுண்டின் துணையோடு ஒரே ஸ்டென்ட், 2.75-க்கு 24 மி.மீ. ஓசிடி இன்னும் துல்லியமான படம் தரும், ஆனால் அதற்குப் பொதுவாக டை வேண்டும். டயகனல் வாயில் கொஞ்சம் சுருங்கியது, ஓட்டம் குறையவில்லை, விட்டுவிட்டோம். மொத்த டை 70 மி.லி. அதிலிருந்து மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.4.

வேறொருவராக இருந்தால்

அன்றிரவு அவருடைய கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே இருந்திருந்தால் கணக்கே வேறு. அது கார்டியோஜெனிக் ஷாக், இதயம் உடலுக்குப் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை. அதில் எல்லாக் குழாயையும் திறந்தால் இதயம் பிழைக்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். 2017-ல் 706 பேரிடம் நடந்த கல்ப்ரிட்-ஷாக் ஆய்வு அதை மறுத்தது. 30 நாளில் மரணம் அல்லது டயாலிசிஸ் தேவைப்படும் கடும் சிறுநீரகச் செயலிழப்பு, கல்ப்ரிட்டை மட்டும் திறந்தவர்களில் 45.9 சதவீதம், எல்லாவற்றையும் உடனே திறந்தவர்களில் 55.4 சதவீதம். ஷாக்கில் இருப்பவரிடம் மேசையிலேயே எல்லாவற்றையும் முடிக்கும் ஆசையை அடக்கத்தான் வேண்டும்.

வயது 80 என்றால் விட்டுவிடலாமா? இல்லை. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,445 பேரிடம் நடந்த ஃபயர் ஆய்வு (2023), அளவீடு பார்த்துச் செய்த முழுச் சிகிச்சை முதியவர்களுக்கும் பலன் தருகிறது என்று காட்டியது. ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை சேர்ந்து 15.7-க்கு 21.0. ‘வயசாயிடுச்சு, மருந்தே போதும்’ என்று பழக்கத்தில் சொல்லிவிடுவதை நான் நிறுத்தியது அதற்குப் பிறகுதான். பல ஆண்டுகளாக முழுதாக மூடிக்கிடக்கும் குழாய் வேறு வகை. எக்ஸ்ப்ளோர் ஆய்வில் அதை மாரடைப்புக்குப் பின் சீக்கிரமே திறந்தபோது, நான்கு மாதத்தில் பம்பிங் கூடவில்லை. அங்கே அவசரம் வேண்டாம்.

அதன் பிறகு

வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பிரின், டிகாகிரெலார் 90 மி.கி. இருவேளை, அட்டோர்வாஸ்டாட்டின் 80, எசெடிமைப், பீட்டா பிளாக்கர், ஏசிஇ தடுப்பான், ஓர் எஸ்ஜிஎல்டி2 மாத்திரை. வந்தபோது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 118, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6. எல்டிஎல்லை 55-க்குக் கீழே இறக்குவது இலக்கு. மூன்றாம் மாதத்தில் 48. ஸ்டென்ட் வைக்காத அந்தப் பக்கக் கிளைக்கு நாங்கள் கொடுக்கும் சிகிச்சை இதுதான் என்று மகளிடம் சொன்னேன். “அப்போ அதுக்கு ஒண்ணும் செய்யலையான்னு யாராவது கேட்டா, மாத்திரை கொடுத்திருக்காங்கன்னு சொல்லணும்” என்று அவரே அம்மாவுக்கு விளக்கினார்.

ஆறாம் மாதம் பம்பிங் 55 சதவீதம், கிரியேட்டினின் 1.3. மாடி ஏறும்போது நிற்பதில்லை. ஓராண்டு முடிந்ததும் டிகாகிரெலாரை நிறுத்தி ஆஸ்பிரினோடு விட்டோம். கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று, பக்கக் கிளை 55 சதவீதம், எஃப்எஃப்ஆர் 0.87, அறிகுறி வந்தால் மறுபடி அளக்கவும். மற்றது, இவருக்கு அறிகுறி என்றால் மேல்வயிற்று அழுத்தம்.